இருவருக்கு ஒரு பந்து

கிந்தாப் பள்ளத்தாக்கில் பொழுது புலரும் காட்சி தனி அழகு உடையது. ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் முதலில் கருநிழலாய்த் தோன்றும். பின்னர்ப் பனித்திரை விலக விலக, அவற்றின் வெண்பாறை முகங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்படும். அந்நேரத்தில், முன்னொரு காலத்தில் இப்பகுதித் தோட்டங்களில் பெரட்டு முடிந்து, பால்வெட்டுத் தொழிலாளர் வாளியும் உளியுமாய்த் தத்தம் நிரைகளுக்குச் சென்றுகொண்டிருப்பர். இன்று அத்தோட்டங்களுள் பல இல்லை. சில செம்பனைக் காடாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. சில, புல் வளர்த்துப் பந்தடிக்கும் திடல்களாயின.

அத்தகைய திடல் ஒன்றில், சனிக்கிழமைதோறும் காலையில் நான்கு முதியவர்கள் கூடுவர். ஒருவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றொருவர் தோட்டத்து மருத்துவமனையில் பணியாற்றியவர். ஊரார் அவரை இன்றும் ‘டிரசர்’ என்றே அழைப்பர். மூன்றாமவர் இரும்புச் சாமான் கடை நடத்தும் சீனர்; அவருடைய தந்தை ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர். நான்காமவர் இரயில் நிலைய அதிகாரியாய் இருந்த மலாய்க்காரர். இருபது ஆண்டுகளாக இந்நால்வரும் கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் கூட்டாளிகள்.

நால்வருள்ளும் அந்த ஆட்டத்தை முதலில் அறிந்தவர் டிரசர்தான். ஆனால், அவர் அதை அறிந்தது ஆட்டக்காரராய் அன்று. சிறுவனாய் இருந்தபோது, துரைமார் விளையாடும் திடலில் கோல்கள் நிறைந்த பையைத் தோளில் சுமந்து நடந்தவர் அவர். பை சுமக்கும் பையனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் தோட்டத்தார் வாயில் ‘கேடி’ என்றே ஒலித்தது. “உன் மகனைக் கேடியாகச் சேர்த்துக்கொண்டார்களாம்” என்று யாரோ சொல்லக் கேட்டு, அவருடைய தாயார் மங்குகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்ததாக அவர் சொல்லிச் சிரிப்பார். அன்று அத்திடலின் புல்லை வெட்டியவர் தமிழர். பையைச் சுமந்தவர் தமிழர். தொலைந்த பந்தைப் புதருள் தேடியவரும் தமிழர். அடித்தவர் மட்டும் வேறு ஒருவர்.

இந்நிலை பேராக்கிற்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பை சுமக்கும் சிறுவனாய்த் தொடங்கியவர், இந்திய வம்சாவளியினரான பாப்வா செவ்கோலும். கோலைப் பிறர் பிடிக்கும் முறைக்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்து, 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சுப் பொதுப் போட்டியை வென்றார். 1963-ஆம் ஆண்டில் தம் சொந்த மண்ணில் நட்டால் பொதுப் போட்டியிலும் வெற்றி கண்டார். நிறவெறிச் சட்டத்தின் காரணமாக மன்ற மாளிகைக்குள் அவர் நுழைய இயலவில்லை. வெள்ளையர் உள்ளே அமர்ந்திருக்க, அவர் மழையில் வெளியே நின்று பரிசைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படத்தை டிரசர் ஒரு பழைய நாளிதழிலிருந்து வெட்டித் தம் பணப்பையில் வைத்திருக்கிறார்.

ஆட்டத்தின் பந்துக்கும் மலாயா மண்ணுக்கும் உள்ள உறவோ இன்னும் நெருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, தோலுறைக்குள் பறவை இறகுகளைத் திணித்துத் தைத்த பந்தையே ஸ்காட்லாந்து மக்கள் அடித்தனர். அதன் விலை மிகுதி; மழையில் நனைந்தால் கெட்டுவிடும். 1848 அளவில், மலாய்க் காடுகளில் வளரும் ‘தபான்’ மரத்தின் பாலிலிருந்து உறைந்த ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் பொருளால் பந்து செய்தனர். ஆட்டம் எளியோர்க்கும் எட்டியது. பின்னர் 1898-இல் அமெரிக்கரான ஹாஸ்கல் என்பவர், ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிச் செய்யும் பந்தைக் கண்டறிந்தார். இன்றைய பந்தின் உள்ளே இருப்பது செயற்கை ரப்பர். ஆயினும், மரத்தின் பால் இல்லையேல் இந்த ஆட்டம் உலகெங்கும் இவ்வாறு பரவியிராது.

அந்த மரப்பாலின் வரலாற்றில் பேராக்கிற்குத் தனி இடம் உண்டு. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகள் முளைத்து, மறு ஆண்டில் இருபத்திரண்டு கன்றுகளாய்ச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறை மரங்களுள் ஒன்று இன்றும் அந்நகரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அக்கன்றுகள் பெருகிப் பெருந்தோட்டங்கள் ஆயின. அத்தோட்டங்களுக்கு ஆள் தேடித் தமிழகத்துக் கிராமங்களுக்குக் கங்காணிகள் சென்றனர். தலைமையாசிரியரின் பாட்டனாரும் டிரசரின் தந்தையாரும் அவ்வழி வந்தவர்களே.

இனி, அந்நால்வரும் ஆடும் முறையைச் சொல்ல வேண்டும். இருவர் இருவராய்ச் சேர்ந்து ஆடும் முறைகள் பல. ஒவ்வொருவரும் தத்தம் பந்தை அடித்து, இருவருள் சிறந்த கணக்கை எடுத்துக்கொள்வது ஒரு முறை. அதில் ஒருவர் தவறினாலும் மற்றவர் காப்பாற்றுவார். இவர்கள் விரும்பியதோ அதனினும் கடினமானது. இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஓர் அடியை ஒருவர் அடித்தால் அடுத்த அடியை மற்றவர் அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவரும் இரட்டைப்படைக் குழிகளில் மற்றவரும் தொடங்க வேண்டும். 1927 முதல் நடைபெற்றுவரும் ரைடர் கோப்பைப் போட்டியிலும் இம்முறை உண்டு. அதனை இவர்கள் ‘மாற்றடி’ என்பர், பெயரிட்டவர் தலைமையாசிரியர்.

மாற்றடியில் ஒரு பெரும் சோதனை இருக்கிறது. துணைவர் பந்தை எங்கே கொண்டுபோய் விட்டாரோ, அங்கிருந்தே அடுத்தவர் அடித்தாக வேண்டும். மணற்குழியோ, புதரோ, சேறோ, வேறு இடம் கேட்க இயலாது. தண்டமாக ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டு பந்தைச் சற்று நகர்த்தலாம். ஆனால், அவ்வாறு நகர்த்தினாலும் அடிக்க வேண்டியவர் மாறமாட்டார். எனவே, நெடுங்காலம் மாற்றடி ஆடியவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. துணைவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. கேட்டால் குற்றம் நிகழ்ந்தது என்று பொருளாகும். வேண்டுமென்றே எவரும் பந்தைப் புதரில் விடுவதில்லையே!

துணைவரைத் தேர்வதற்கு அவர்கள் சீட்டுப் போடுவதில்லை. இரும்புக்கடைக்காரர் நான்கு பந்துகளையும் இரு கைகளிலும் அள்ளி மேலே எறிவார். விழுந்தபின் நெருங்கிக் கிடக்கும் இரண்டு பந்துகளுக்கு உரியவர்கள் ஒரு கட்சி. ஆனால், கடந்த நான்கு ஆண்டுகளாகத் தலைமையாசிரியரின் பந்தும் டிரசரின் பந்தும் அருகருகே விழுந்தபோதெல்லாம், இரும்புக்கடைக்காரர் பார்த்தும் பாராமலும் ஒன்றைக் காலால் தள்ளிவிடுவார். ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். காரணம் நால்வருக்கும் தெரியும்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபின் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வாரியத் தலைவராய் இருந்தார். டிரசர் எழுத்தறிந்த பள்ளி அது. தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. கொட்டகையிலும் கோயில் திண்ணையிலும் தொடங்கிய பள்ளிகள் அவை. பேராக் மாநிலத்தில் இன்று 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு அதுவே அடித்தளம். ஆனால், தோட்டம் கைமாறி, மரங்கள் வீழ்த்தப்பட்டு, லயங்கள் வெறுமையானபோது, பள்ளி மட்டும் தனியே நின்றது. பிள்ளைகளோ பெற்றோருடன் நகர்ப்புறத்துத் தாமான்களுக்குப் போய்விட்டனர். அப்பள்ளியில் எஞ்சியவர் பதினொரு மாணவர்.

பள்ளியை நகருக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் கருதினார். “பள்ளி என்பது சுவரன்று, பிள்ளைகள், பிள்ளைகள் இருக்கும் இடத்திற்குப் பள்ளி போகாவிட்டால், சில ஆண்டுகளில் சுவரும் இராது, பள்ளியும் இராது” என்றார். டிரசர் அதற்கு இசையவில்லை. அந்தப் பள்ளிக்குப் பலகை சுமந்தவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர். “லயம் போயிற்று, ஆலயமும் பாழாயிற்று. பள்ளியும் போய்விட்டால், இங்கே இத்தனை தலைமுறை மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி ஏது?” என்று கேட்டார். பேருந்து ஏற்பாடு செய்தால் பிள்ளைகளை இங்கேயே கொண்டுவரலாம் என்றும் வாதாடினார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. அதனாலேயே வாதம் கடுமையாயிற்று. இறுதியில் தலைமையாசிரியர் இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பள்ளி நகருக்குப் போயிற்று.

அன்று முதல் டிரசர் அவரோடு பகை பாராட்டவில்லை, ஏசவுமில்லை. ஆனால், அதுவரை ‘அண்ணே’ என்று அழைத்துவந்தவர், ‘சார்’ என்று அழைக்கத் தொடங்கினார். மரியாதை மிகுந்த அச்சொல், தலைமையாசிரியரை வசைச்சொல்லினும் மிகுதியாய்ச் சுட்டது. உறவுப்பெயர் கொண்டு அழைத்துப் பழகியவரைப் பதவிப்பெயரால் அழைப்பதைவிடப் பெரிய விலகல் தமிழில் உண்டா?

ஒரு சனிக்கிழமை காலையில் இரும்புக்கடைக்காரர் பந்துகளை எறிந்தார். தலைமையாசிரியர் பந்தும் டிரசர் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. அவர் கால் அசையவில்லை. “எனக்கும் வயதாகிவிட்டது, இனிக் குனிந்தோ உதைத்தோ பந்தை நகர்த்த முடியாது” என்று மலாயில் சொன்னார். இரயில் அதிகாரி புன்னகைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

முதல் பதின்மூன்று குழிகளும் பேச்சின்றிக் கழிந்தன. “நூற்றைம்பது கஜம் இருக்கும், சார்.” “சரி.” அவ்வளவே. எதிர்க்கட்சியினர் ஒரு குழி முன்னணியில் இருந்தனர்.

பதினான்காம் குழியின் வலப்பக்கத்தில், பழைய தோட்டத்தின் மிச்சமாய்ச் சில நிரை ரப்பர் மரங்கள் விடப்பட்டிருந்தன. இரட்டைப்படைக் குழி ஆதலால் தலைமையாசிரியர் தொடங்கினார். கோல் பந்தைச் சரியாய்த் தொடவில்லை. பந்து வலப்பக்கம் வளைந்து சென்று, மரங்களுக்கிடையே ஒரு கட்டையில் மோதும் ஒலி கேட்டது. அவர் தம்மையறியாமல், “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். மாற்றடியில் சொல்லக்கூடாத சொல் அது. அவர் மன்னிப்புக் கேட்டது அந்தப் பந்துக்காக மட்டும் அன்று என்பது டிரசருக்கும் புரிந்திருக்கும். அவர் விடை ஏதும் கூறாமல் மரங்களை நோக்கி நடந்தார்.

பந்து ஒரு முதிர்ந்த மரத்தின் வேரருகே, காய்ந்த சருகுகளின்மேல் கிடந்தது. டிரசர் பந்தைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தார். இடமிருந்து வலமாய்ச் சரிந்திறங்கும் பழைய வெட்டுத்தடங்கள் பட்டையில் தெரிந்தன. இடையிடையே முண்டும் முடிச்சுமாய் மரம் வீங்கியிருந்தது. அவற்றின்மேல் கையை வைத்துத் தடவினார்.

பால்வெட்டு நுட்பமான தொழில். உளியைப் பட்டைக்குள் செலுத்த வேண்டும். உள்ளிருக்கும் கட்டையைத் தொடலாகாது. மேலோடு சீவினால் பால் குறையும். ஒரு மயிரிழை ஆழ்ந்தால் மரம் புண்படும். அப்புண்ணைத் தோட்டத்தார் ‘காயம்’ என்பர். காயம் பட்ட இடத்தில் பட்டை சீராய் வளராமல் முண்டு கட்டிவிடும். ஒரு பக்கப் பட்டையை வெட்டித் தீர்க்கச் சில ஆண்டுகள் ஆகும். பின் மறுபக்கம் வெட்டுவர். அதற்குள் முதற்பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்திருக்கும். மீண்டும் அங்கு வருவர். அப்போது உளி பிடிப்பவர் பெரும்பாலும் வேறு ஒருவராய் இருப்பார். முன்னவர் விட்டுச்சென்ற காயத்தின்மேல்தான் பின்னவர் வெட்ட வேண்டும்.

தலைமையாசிரியர் அருகில் வந்து நின்றார். டிரசர் மரத்திலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

“என் அம்மாவின் நிரையில் இப்படி நிறைய மரங்கள் இருந்தன. அவளுக்கு முன் வெட்டியவன் கை கனத்தவன். தண்டல் வந்து, இது யார் போட்ட காயம் என்று திட்டுவான். அம்மா ஒரு நாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. முண்டைச் சுற்றி எப்படி உளியைத் திருப்புவது என்பதைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.”

தலைமையாசிரியர் ஒன்றும் கூறவில்லை. நெடுநேரம் இருவரும் அம்மரத்தைப் பார்த்து நின்றனர்.

மரங்களிடையே ஒரு சிறு இடைவெளி வழியாக, தொலைவில் கொடி தெரிந்தது. இளமையில் டிரசர் அந்த இடைவெளியைத்தான் தேர்ந்திருப்பார். வெற்றி பெற்றால் கைதட்டல். தவறினால் பந்து இன்னும் ஆழத்திற்குப் போய்விடும். அங்கிருந்து அடிக்க வேண்டியவர் துணைவர். அவர் சிறிய இரும்புக்கோல் ஒன்றை எடுத்தார். கொடியை நோக்காமல் பக்கவாட்டில் திரும்பி, பந்தை மெல்லத் தட்டி நடுப்புல்வெளிக்குக் கொண்டுவந்து வைத்தார். பார்ப்பவர் எவரும் வியந்து பாராட்டும் அடி அன்று அது. ஆனால், அடுத்து அடிப்பவருக்குப் பந்து சமதரையில் தெளிவாய்க் கிடந்தது.

தலைமையாசிரியரின் அடுத்த அடி கொடிக்கருகே உள்ள பசுந்தளத்தை அடைந்தது. டிரசர் அதனை உருட்டிக் குழிக்கு ஒரு சாண் தொலைவில் நிறுத்தினார். எதிர்க்கட்சியினர் ஐந்து அடியில் முடித்திருந்தனர். “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று இரயில் அதிகாரி அந்த ஒரு சாணை விட்டுக்கொடுத்தார். குழி சமம். எஞ்சிய நான்கு குழிகளும் சமமாகவே முடிந்தன. ஒரு குழி வேறுபாட்டில் தலைமையாசிரியர் கட்சி தோற்றது.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் நட்பும் நட்பாராய்தலும் முடிந்தபின், ‘பழைமை’ என்று ஒன்றை வைத்தார். ஆராய்ந்து தேர்ந்த நண்பரும் ஒரு நாள் நம்மைக் கேளாமல் ஒன்றைச் செய்துவிடுவர். அதைப் பொறுப்பதற்கு ஆராய்ச்சி உதவாது, நெடுநாள் உறவு கொடுத்த உரிமையே உதவும் என்பதை அறிந்தே அவர் அதனைத் தனி அதிகாரமாய் அமைத்திருக்க வேண்டும். வகுப்பறையில் தலைமையாசிரியர் அதனைப் பல்லாண்டு நடத்தியவர். பொருள் எழுதச் சொல்லி மாணவருக்கு மதிப்பெண்ணும் இட்டவர். அதன் பொருள் ஒரு ரப்பர் மரத்தடியில் தமக்கு விளங்கும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

தோற்ற கட்சி காப்பிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது நால்வரின் விதி. மன்றத்துத் தாழ்வாரத்தில், ஈப்போவுக்கே உரிய வெள்ளைக் காப்பி வந்தது. இரும்புக்கடைக்காரரும் இரயில் அதிகாரியும் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் அடுத்த மேசைக்கு எழுந்து போனார்கள்.

டிரசர் கோப்பையைச் சுழற்றியபடி கேட்டார்: “பள்ளியில் இவ்வாண்டு முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?”

நான்கு ஆண்டுகளில் அப்பள்ளியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“முப்பத்திரண்டு பேர். அடுத்த ஆண்டு இரண்டு வகுப்பாக்க வேண்டியிருக்கும்” என்றார் தலைமையாசிரியர். சொன்ன குரலில் வெற்றி ஒலிக்கவில்லை. வெற்றி ஒலித்துவிடக்கூடாதே என்னும் அச்சமே ஒலித்தது.

டிரசர் தலையசைத்தார். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டார்: “அந்தப் பழைய மணி? கட்டடத்தோடு அதையும் விட்டுவிட்டார்களா?”

அது மணியன்று, இரும்புக் கம்பியில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. எங்கிருந்தோ அதைத் தோளில் சுமந்து வந்து பள்ளி முகப்பில் கட்டியவர் டிரசரின் தந்தை. தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று தலைமுறை அந்த ஓசைக்கு ஓடிவந்திருக்கின்றனர்.

“விடவில்லை. புதுப்பள்ளி வாசலில் தொங்குகிறது. உங்கள் அப்பா முறுக்கிக் கட்டிய அதே கம்பி. மின்சார மணி இருக்கிறது. ஆனாலும் காலையில் முதல் மணியை அதில்தான் அடிக்கிறார்கள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தேன்” என்றார் தலைமையாசிரியர். மேலே அவரால் பேச இயலவில்லை.

டிரசர் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறி, பனி முழுவதும் விலகியிருந்தது. பிறகு, எதிர்பாராத ஓர் ஊருக்கு வழி கேட்பவர்போல் தயங்கிக் கேட்டார்:

“திங்கட்கிழமை காலையில் முதல் மணி எத்தனை மணிக்கு, அண்ணே?”